பயிற்சியாளர் மாற்றம்: ஃபெர்குசனுக்குப் பிறகு யுனைடெட்டில் எங்கே பிசகியது?

ஃபெர்குசனுக்குப் பிறகு பயிற்சியாளராக வந்து சறுக்கிய மோயஸை மட்டும் திட்டுகிறவர்கள் 2013 கோடையை நாள்வாரியாகப் பார்க்கட்டும். 26 ஆண்டுகள் இங்கிலாந்து கால்பந்து அணியான மான்செஸ்டர் யுனைடெட்டை நடத்திய ஃபெர்குசன் மே 8 அன்று ஓய்வை அறிவித்தார். வீரர்களுக்கான பேரத்தைப் பேசி முடித்துவந்த தலைமை நிர்வாகி டேவிட் கில்லும் அதே கோடையில் விலகினார். அந்த இடத்துக்கு வந்த எட் வுட்வர்டு வணிகப் பக்கத்து ஆள். யாரை வாங்குவது என்று தெரிந்தவர், எப்படி வாங்குவது என்று தெரிந்தவர், இரண்டு பேருமே வெளியே.

நடுக்கள வீரர் ஃபெல்லைனியை வாங்கிய கதையே போதும். அவர் ஆடிய எவர்ட்டன் அணியோடு இருந்த ஒப்பந்தப்படி 2.35 கோடி பவுண்டு கட்டினால் அவரை எடுத்துக்கொள்ளலாம். கெடு ஜூலை கடைசி வரை. யுனைடெட் வாங்கியது செப்டம்பர் 2, வீரர்களை வாங்கும் காலக்கெடு முடியும் இரவில், 2.75 கோடிக்கு. 40 லட்சம் தண்டம். இத்தனைக்கும் மோயஸ் வந்ததே எவர்ட்டனிலிருந்துதான்!

---

இதோடு உதவிப் பயிற்சியாளர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அன்றாடப் பயிற்சியைப் பெரும்பாலும் நடத்தியது அவர்கள்தான். ஃபீலன், மியூலன்ஸ்டீன், கோல்கீப்பர் பயிற்சியாளர் ஸ்டீல் மூவரும் போக, எவர்ட்டனிலிருந்து ரவுண்ட், லம்ஸ்டன், உட்ஸ் வந்தார்கள். யாருக்கு அடிக்கடி தொடை பிடிக்கும், யாரைத் திட்டினால் ஆடுவார், யாரைத் திட்டினால் சுருண்டுவிடுவார் என்பதெல்லாம் எந்தக் கோப்பிலும் இருக்காது. பழைய ஆள் ஒருவரையாவது ஒரு சீசன் வைத்திருக்க வேண்டும். அணிக்கும் வயதாகியிருந்தது: ஃபெர்டினாண்ட் 34, எவ்ரா 32, கிக்ஸ் 39. மோயஸின் ஆறு வருட ஒப்பந்தம் பத்தே மாதத்தில் முடிந்தது.

---

உதவியாளர் விஷயத்தில் எனக்கு உடன்பாடில்லை. 2024இல் லிவர்பூலில் பயிற்சியாளர் கிளாப்போடு அவருடைய உதவியாளர்கள் லைண்டர்ஸ், கிராவியட்ஸ் இருவரும் போய்விட்டார்கள். அடுத்து வந்த ஸ்லாட் முதல் சீசனிலேயே லீக் பட்டம் வாங்கினார். வித்தியாசம் எதை முதலில் செய்தார்கள் என்ற வரிசையில்தான். போகிறேன் என்று கிளாப் ஜனவரி 26லேயே சொல்லிவிட்டார். மார்ச்சில் உரிமையாளர்கள் முன்பு அங்கே விளையாட்டு இயக்குநராக இருந்த எட்வர்ட்ஸைத் திரும்பக் கூட்டிவந்தார்கள். ரிச்சர்ட் ஹியூஸ் விளையாட்டு இயக்குநரானார். அதன் பிறகே ஸ்லாட். அந்தக் கோடையில் உடனே ஆட வந்த புது வீரர் கியேசா ஒருவர்தான். யுனைடெட்டுக்கு அப்படி முதல் கால்பந்து இயக்குநர் கிடைத்ததே 2021இல்.

---

யாரும் தொடாத ஒன்று: போனவர் உண்மையிலேயே போனாரா? 1969இல் யுனைடெட்டின் நெடுநாள் பயிற்சியாளர் பஸ்பி பொது மேலாளராக மேலே உட்கார்ந்துகொள்ள, 31 வயது மெக்கின்னஸிடம் அணி வந்தது. தன்னோடு கூட ஆடிய நட்சத்திர வீரர் சார்ல்ட்டனையே அவர் அணியில் சேர்க்காமல் உட்காரவைக்க வேண்டியிருந்தது. வீரர்கள் குறை சொல்லப் படியேறினால் மேலே பஸ்பி! மாமியார் இடுப்பில் சாவிக்கொத்து இருக்க, மருமகளிடம் அடுப்படியை ஒப்படைத்த மாதிரி. 1970 டிசம்பரில் மெக்கின்னஸ் நீக்கம், பஸ்பியே திரும்பினார். 1974இல் அணி இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது.

அதே 1974இல் லிவர்பூல் பயிற்சியாளர் பதவியை விட்ட ஷாங்க்லியும் பயிற்சி மைதானத்துக்கு வந்துகொண்டுதான் இருந்தார். வீரர்கள் அவரைத்தான் ‘பாஸ்’ என்றார்கள். சங்கடமாக இருந்தாலும் வர வேண்டாம் என்று லிவர்பூல்காரர்கள் சொல்லிவிட்டார்கள். அவருக்கு அடுத்து வந்த பெய்ஸ்லி மூன்று ஐரோப்பியக் கோப்பை வென்றது அதற்கப்புறம்தான்.