மேலே வந்த மூன்று அணிகளும் இந்த வருஷமும் இறங்கிவிடுமா?

திருநகர்க்காரன்:

அண்ணன்மாருக்கு வணக்கம். வெள்ளிக்கிழமை ராத்திரி 2025-26 பிரீமியர் லீக், அதாவது இங்கிலாந்தின் முதல் நிலைக் கால்பந்து லீக், ஆரம்பம். ஒவ்வொரு வருஷமும் கடைசி மூன்று அணிகள் கீழ் லீக்குக்கு இறங்கும், அங்கிருந்து மூன்று ஏறும். எங்கள் அறையில் ஒரு பந்தயம் ஓடுகிறது. இந்த முறை ஏறிய லீட்ஸ், பர்ன்லி, சண்டர்லாண்ட் மூன்றும் அடுத்த மே மாதம் கீழே போய்விடும் என்பது என் கட்சி. 2023-24இல் லூட்டன், பர்ன்லி, ஷெஃபீல்டு யுனைடெட் ஏறின, மூன்றும் இறங்கின. 2024-25இல் லெஸ்டர், இப்ஸ்விச், சவுத்தாம்டன், அதே கதை. ஒன்றாவது தப்பிக்கும் என்கிறான் என் அறை நண்பன். தோற்றவன் சிம்மக்கல்லில் எல்லோருக்கும் கறி தோசை வாங்கித் தர வேண்டும். தின்பதற்கு ஆள் நிறைய இருக்கிறது, அதனால்தான் பயமாக இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அப்படியே சாம்பியன் யார் என்றும் சொல்லிவிடுங்கள்.

பூமார்க்கெட் எவர்ட்டன்:

தம்பி, காசை இப்போதே எடுத்து வை. சண்டர்லாண்ட் தப்பிக்கும்.

கீழ்வரிசையைப் பற்றி எவர்ட்டன்காரனிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பாய்? 2002 அக்டோபரில், இன்னும் 17 வயது முடியாத எங்கள் ரூனி, ஆர்சனலுக்கு எதிராகக் கடைசி நிமிஷத்தில் தூரத்திலிருந்து ஒரு கோல் அடித்தான். அன்றைக்கு இந்தப் பக்கம் சாய்ந்தவன் நான். அவன் இரண்டே வருஷத்தில் மான்செஸ்டருக்குப் போய்விட்டான், நான் இங்கேயே மாட்டிக்கொண்டேன். 2023 மே 28 அன்று கடைசி ஆட்டத்தில் டுகூரே அடித்த ஒரே கோலில்தான் எங்கள் உயிர் தங்கியது. அடுத்த சீசனில் நஷ்டக் கணக்கு விதியை மீறியதாக முதலில் 10 பாயின்ட் வெட்டினார்கள். அப்பீலில் அது 6 ஆனது, அப்புறம் இன்னொரு 2. அம்புட்டுக்கும் பிறகு பிழைத்தோம். அட்டவணையைக் கீழிருந்து மேலே வாசித்துப் பழகிவிட்டது.

உன் கணக்கில் ஒரு வருஷம் விட்டுப்போயிருக்கிறது. 2022-23இல் ஏறிய ஃபுல்ஹம், போர்ன்மவுத், நாட்டிங்ஹம் ஃபாரஸ்ட் மூன்றுமே தங்கின. இந்த இரண்டு சீசனுக்கு முன்னால், ஏறிய மூன்றும் ஒட்டுமொத்தமாக இறங்கியது 1997-98இல்தான்.

ஆனால் இப்போது ஏறி வருகிறவர்களுக்குக் கஷ்டம் கூடியிருக்கிறது, அதை மறுக்கவில்லை. இந்த 2025-26 சீசன் விதிப்படி, மேலேயே இருக்கும் அணி மூன்று வருஷத்தில் 10.5 கோடி பவுண்டு வரை நஷ்டம் காட்டலாம். கீழே இரண்டு வருஷம் இருந்துவிட்டு வரும் அணிக்கு அந்த வரம்பு 6.1 கோடிதான். ஓடுகிறவனுக்கு ஒரு அளவு, துரத்துகிறவனுக்கு வேறு அளவு. போன சீசனில் 18ஆம் இடத்தில் இருந்த லெஸ்டர் எடுத்தது 25 பாயின்ட். 17ஆவது வந்து பிழைத்த டாட்டன்ஹம் எடுத்தது 38! அதன் பக்கத்தில்கூட வர ஆள் இல்லை.

சரி, அணிகளுக்கு வருவோம். பர்ன்லி போன வருஷம் இரண்டாம் நிலை லீக்கான சாம்பியன்ஷிப்பில் 46 ஆட்டத்தில் வெறும் 16 கோல்தான் வாங்கியது. 100 பாயின்ட். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதே பர்ன்லி 2022-23இல் மேனேஜர் கொம்பனியிடம் 101 பாயின்ட் எடுத்து ஏறிவந்து, மேலே 24 எடுத்து இறங்கியது. இப்போது கோல்கீப்பர் டிராஃபோர்டும் மான்செஸ்டர் சிட்டிக்குத் திரும்பிவிட்டான். மேனேஜர் ஸ்காட் பார்க்கர் ஃபுல்ஹமை ஏற்றினார், அடுத்த வருஷமே இறங்கியது. போர்ன்மவுத்தை ஏற்றினார், லிவர்பூலிடம் 9-0 வாங்கியதும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பர்ன்லியைப் பற்றி இதற்கு மேல் பேச ஒன்றுமில்லை.

லீட்ஸ் மேனேஜர் ஃபார்க்கவும் இதே ஜாதகம்தான். நார்விச்சை இரண்டு முறை ஏற்றினார். முதல் முறை இறங்கியது, இரண்டாவது முறை நவம்பரிலேயே வேலை போனது. சொந்த மைதானமான எல்லண்ட் ரோடு கூட்டம் சில பாயின்ட் சம்பாதித்துக் கொடுக்கும். போதாது என்று நினைக்கிறேன்.

சண்டர்லாண்ட் மற்ற இரண்டையும்விட 24 பாயின்ட் குறைவாக, 76உடன் நான்காவதாக முடித்த அணி. மேலே ஏறும் கடைசி இடத்துக்காக வெம்ப்ளியில் நடந்த பிளே-ஆஃப் இறுதி ஆட்டத்தில் ஷெஃபீல்டு யுனைடெட்டைக் காயத்துக்கான கூடுதல் நேரத்தில் 2-1 என்று வென்றது. அந்தக் கோலை அடித்த டாம் வாட்சன் ஏற்கெனவே பிரைட்டனுக்குப் போவதாக ஒப்புக்கொண்டவன். போகிறபோக்கில், பிரீமியர் லீக்கைப் பார்க்காமல் இருந்த ஊருக்கே எட்டு வருஷக் கடனை அடைத்துவிட்டுப் போனான். ஜோப் பெல்லிங்ஹமை டோர்ட்மண்டுக்கு விற்ற பணமும் வந்தது. அதை வைத்துக்கொண்டு ஆகஸ்ட் கடைசி வரை காத்திருக்கவில்லை. முகூர்த்தத்துக்கு முதல் நாள் மல்லிப்பூ கேட்டு வருகிறவன் என்ன விலை கொடுப்பான் என்று எனக்குத் தெரியும். இவர்கள் ஜூலையிலேயே வாங்கிவிட்டார்கள். நடுவில் ஓடுவதற்கு ஹபீப் டியாரா, நோவா சடிகி. அவர்களை அதட்டி நிறுத்த 32 வயது கிரானிட் ஷாக்கா. 2023-24இல் லெவர்குசன் ஒரு லீக் ஆட்டம்கூடத் தோற்காமல் ஜெர்மனியில் பட்டம் அடித்தபோது நடுவில் நின்ற ஆள். அப்படிப்பட்டவனை ஏறிவந்த அணி வாங்குவது சாதாரணமில்லை.

எனக்கு இருக்கும் ஒரே பயம் டிசம்பர். ஆப்பிரிக்கக் கோப்பை வருகிறது. டியாரா செனகல், சடிகி காங்கோ. கிறிஸ்துமஸ் சமயத்தில் ஆட்டம் நெருக்கி நெருக்கி வரும்போது இரண்டு பேரும் மொராக்கோவில் இருந்தால் ஷாக்கா தனியாக மூச்சு வாங்குவார். அதற்குள் 20 பாயின்ட் சேர்த்துவிட்டால் போதும்.

இறங்குவது பர்ன்லி, லீட்ஸ், வுல்வ்ஸ். குன்யா, ஐத்-நூரி இரண்டு பேரையும் விற்ற பிறகு வுல்வ்ஸில் கோல் எங்கிருந்து வரும்?

சாம்பியன், எவர்ட்டனின் உள்ளூர்ப் பகையாளி லிவர்பூல். நியூகாசில் ஸ்ட்ரைக்கர் ஐசக் அங்கே வந்தாலும் வராவிட்டாலும். எவர்ட்டன்காரன் கையால் இதை எழுத வேண்டியிருக்கிறது பார்.

மேலூர் கன்னர்:

அண்ணே, ரூனியை இழுக்காமல் உங்களால் ஒரு பதில் எழுத முடியாதா? ஷாக்கா விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன். எங்கள் ஆர்சனலில் ஆடியபோது 2019இல் எங்கள் ஆட்களே கூச்சல் போட்டு அவரிடமிருந்து கேப்டன் பட்டையைப் பிடுங்க வைத்தார்கள். அதற்கப்புறமும் இருந்து ஆடிக்காட்டிவிட்டுத்தான் போனார். மனுஷன் கெட்டி.

ஆனால் சாம்பியன் ஆர்சனல். மூன்று வருஷம் தொடர்ந்து இரண்டாமிடம் வந்த அணிக்கு ஸ்ட்ரைக்கர் ஒன்றுதான் குறை. இப்போது வாங்கியிருக்கும் யோகரெஸ் போன சீசனில் போர்ச்சுகல் லீக்கில் 39 கோல். நடுவில் ஸுபிமெண்டி. கார்னரில் கேப்ரியல் தலை வைத்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

பூமார்க்கெட் எவர்ட்டன்:

மேலூர் தம்பி, போர்ச்சுகலில் 26 கோல் அடித்துவிட்டு நூன்யெஸ் லிவர்பூலுக்கு வந்தான். முதல் சீசனில் லீக்கில் 9. அங்கே அடித்த கணக்கை இங்கே அப்படியே வரவு வைக்க முடியாது. யோகரெஸ் 15 அடிப்பான், நீங்கள் 80 பாயின்ட்டைத் தாண்டுவீர்கள், மறுபடி இரண்டாமிடம். கார்னர் கோலைக் குறை சொல்லவில்லை, அதுவும் கோல்தான். ஆனால் பின்னால் பத்துப் பேரையும் நிறுத்திக்கொள்ளும் அணிக்கு எதிராக 0-0இல் 70ஆம் நிமிஷம் வரும்போது உங்கள் மேனேஜர் ஆர்டெட்டா இன்னும் பத்திரமாகத்தான் ஆடச் சொல்வார். பட்டம் அங்கேதான் நழுவுகிறது.

செல்லூர் ரெட்:

போன வருஷம் 15ஆம் இடம் வந்த எங்கள் மான்செஸ்டர் யுனைடெட்டை அண்ணன் இறங்கும் பட்டியலில் சேர்க்கவில்லை, அதற்கே நன்றி. 17ஆவது வந்த டாட்டன்ஹம் ஐரோப்பா லீக் கோப்பையை எங்களிடமிருந்துதான் எடுத்துக்கொண்டு போனது. அந்தப் புண் இன்னும் ஆறவில்லை.

என் கணிப்பு வுல்வ்ஸ் இல்லை, பிரென்ட்ஃபோர்டு. மேனேஜர் தாமஸ் ஃபிராங்க் டாட்டன்ஹம் போய்விட்டார், நோர்கார்டு ஆர்சனலுக்கு, 20 கோல் அடித்த எம்பெமோ எங்களிடம். செட்-பீஸ் (கார்னர், ஃப்ரீ கிக்) பயிற்சியாளராக இருந்த கீத் ஆண்ட்ரூஸை மேனேஜர் ஆக்கியிருக்கிறார்கள். வீட்டையே காலி செய்துவிட்டுச் சமையல்காரரிடம் சாவியைக் கொடுத்திருக்கிறார்கள்.

பூமார்க்கெட் எவர்ட்டன்:

செல்லூர், பிரென்ட்ஃபோர்டு ஆள் தேடி வாங்குவதில் கெட்டிக்காரர்கள். அவர்கள் ஸ்ட்ரைக்கர் டோனி போனபோதும் இப்படித்தான் சொன்னார்கள், 10ஆவது வந்தார்கள். நான் வுல்வ்ஸிலேயே நிற்கிறேன்.

திருநகர்க்காரன்:

இதையெல்லாம் படித்துவிட்டு, பந்தயத்தை "இரண்டு இறங்கும்" என்று மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டுப் பார்த்தேன். அறை நண்பன் முடியாது என்றுவிட்டான். சண்டர்லாண்டின் முதல் ஆட்டம் எப்போது அண்ணே?

பூமார்க்கெட் எவர்ட்டன்:

சனிக்கிழமை நம் நேரம் ஏழரை மணி, வெஸ்ட்ஹாம் அவர்கள் ஊருக்கு வருகிறது. அன்றைக்கு என்னால் முழுதாகப் பார்க்க முடியாது. மறுநாள் ஆவணி பிறக்கிறது, சரக்கு வர ஆரம்பித்துவிடும். திங்கள் ராத்திரி பன்னிரண்டரைக்கு லீட்ஸ், எவர்ட்டன். அதற்கு மாட்டுத்தாவணியில் மண்டியிலேயே போனை வைத்து உட்கார்ந்திருப்பேன். தூக்கம் வராவிட்டால் வா, டீ என் கணக்கு. கறி தோசை உன் கணக்கு.