எட்வர்ட்ஸ், பாட்ரிக் ஹென்றி: வாய்விட்டுப் படித்தபோது தெரிந்தவை

பழைய அமெரிக்க உரைகளில் இரண்டை நான் வாய்விட்டே படித்துப் பார்த்தேன். ஒன்று, கிறிஸ்தவப் போதகர் ஜோனதன் எட்வர்ட்ஸ் 1741 ஜூலை 8 அன்று என்ஃபீல்டு என்ற ஊரில் பாவிகளை எச்சரித்துச் செய்த பிரசங்கம். இன்னொன்று, வர்ஜீனியாவின் அரசியல் தலைவர் பாட்ரிக் ஹென்றி, பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்துப் போரிட வேண்டும் என்று 1775 மார்ச் 23 அன்று ரிச்மண்டில் வர்ஜீனியப் பிரதிநிதிகளின் அவையில் பேசியது.

எட்வர்ட்ஸ் கத்திப் பேசுகிறவர் அல்ல. ஆனாலும் அன்று அழுகையும் அலறலும் கிளம்பி, பிரசங்கத்தையே நிறுத்த வேண்டியதாயிற்று என்று அங்கிருந்த போதகர் ஸ்டீபன் வில்லியம்ஸ் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். படிக்கப் படிக்கக் காரணம் புரிந்தது. ‘ஏற்றகாலத்தில் அவர்களுடைய கால் தள்ளாடும்’ என்ற பைபிளின் உபாகம வசனத்தில், பழைய இஸ்ரவேலரைப் பற்றித்தான் தொடங்குகிறார். அப்புறம் பொதுவாகப் பாவிகள். பிற்பாதியில் எதிரே உட்கார்ந்திருப்பவர்களிடமே திரும்பிவிடுகிறார். நெருப்பின் மேல் பிடித்த சிலந்தி, நாணேற்றிய வில், அணைக்குப் பின்னால் ஏறும் வெள்ளம் என்று வரிசையாக வருகின்றன. எதிலும் தப்பிக்க வழி இல்லை. கிறிஸ்துவின் இரக்கம் என்ற கதவைக் கடைசியில்தான் திறக்கிறார். எனக்கே மூச்சு முட்டியது.

ஹென்றியின் வழி வேறு. பிரிட்டனின் இந்தக் கப்பல்களும் படைகளும் யாருக்காக வந்திருக்கின்றன என்று கேட்கிறார். வேறு எதிரி இல்லை, நமக்காகத்தான் என்று அவரே பதிலும் சொல்கிறார். கேட்பவர் யோசிப்பதற்குள் அடுத்த கேள்வி வந்துவிடுகிறது. சமாதானம் இல்லாதபோதே சமாதானம் என்கிறார்கள் என்ற பைபிள் தீர்க்கதரிசி எரேமியாவின் வார்த்தையையும் எடுத்துக்கொள்கிறார். சிறுவயதில் அவருடைய தாய் அவரைப் போதகர் சாமுவேல் டேவிஸின் பிரசங்கங்களுக்கு அழைத்துப்போனவர். அந்தப் பழக்கம் காதில் விழுகிறது. (நம் கையில் இருப்பது 1817இல் அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதிய வில்லியம் வர்ட், கேட்டவர்களின் நினைவிலிருந்து தொகுத்த வடிவம். அதனால் சொல்லுக்குச் சொல் ஹென்றியுடையது என்று எடுத்துக்கொள்ள முடியாது.)

என்னை உறுத்துவது அவருடைய சங்கிலி உவமை. நமக்கான விலங்குகள் தயாராகிவிட்டன, அவற்றின் ஓசை பாஸ்டனில் கேட்கிறது என்கிறார். அதைக் கேட்டவர்களில் பலரும் அடிமைகளை வைத்திருந்த தோட்டக்காரர்கள். ஹென்றியும் அப்படித்தான். அடிமைமுறை தவறு என்று ஒப்புக்கொண்டு, ஆனால் அடிமைகள் இல்லாமல் இங்கே வாழ்வது சிரமம் என்று 1773இல் அவரே ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். விலங்கு என்றால் என்ன என்பது அந்த அவைக்குத் தெளிவாகத் தெரியும். உவமை அவ்வளவு வேகமாகப் பாய்ந்ததற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்து அதை எதிர்த்துப் பேசிய ஃப்ரெடரிக் டக்ளஸ் 1852 ஜூலை 5 அன்று ராச்செஸ்டரில் பேசியதை யாராவது இப்படி வாய்விட்டுப் படித்திருந்தால் எழுதுங்கள்.