சவானா பழைய நகரத்தில் வீடு எடுக்கலாமா? பாதுகாப்பு பற்றிய கேள்வியும் பதில்களும்

கேள்வி

இருங்காட்டுக்கோட்டையிலிருந்து அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், சவானா நகருக்கு அருகிலுள்ள எல்லபெல் ஹூண்டாய் ஆலைக்கு மாற்றலாகி வருகிறோம். நான், மனைவி, நான்கு வயது மகள். சவானா பழைய நகரத்தின் சதுக்கங்களும் மர நிழலும் மனைவிக்கு ரொம்பப் பிடித்துவிட்டன. ஆனால் விசாரித்தால் ஆளுக்கொரு எல்லைக்கோடு போடுகிறார்கள். ஃபோர்சைத் பூங்காவுக்குத் தெற்கே வேண்டாம், மார்ட்டின் லூதர் கிங் சாலைக்கு மேற்கே வேண்டாம், பேசாமல் புறநகரான பூலருக்குப் போய்விடு என்கிறார்கள். வீட்டு ஏஜெண்டிடம் "ஏரியா எப்படி?" என்றால் பேச்சை மாற்றுகிறார். யாரை நம்புவது?

பதில் 1

ஏஜெண்ட் மழுப்பவில்லை தம்பி, சட்டத்துக்குப் பயப்படுகிறார். இனம், மதம், சொந்த நாடு பார்த்து ஒருவரை ஒரு பகுதிக்குத் தள்ளுவதும் ஒரு பகுதியிலிருந்து விலக்குவதும் 1968-ல் வந்த நியாய வீட்டுவசதிச் சட்டப்படி தவறு. "அந்த ஏரியா சரியில்லை" என்று சொன்னால் அந்தக் கணக்கில் மாட்டலாம் என்பதால் வாயைத் திறக்க மாட்டார்கள். அவரால் பதில் சொல்ல முடிந்த கேள்விகளைக் கேளுங்கள். முந்தைய வாடகைதாரர் போன பிறகு பூட்டு மாற்றினீர்களா? கார் நிறுத்தத் தனி இடமா, தெருவா? வீடு எந்த வெள்ள மண்டலத்தில் இருக்கிறது?

ஆளுக்கொரு கோடு போடுவதற்குக் காரணம் உண்டு. 1733-ல் ஜார்ஜியாவை நிறுவிய ஓகிள்தோர்ப் போட்ட நகரத் திட்டத்தில் முன்னால் சதுக்கம், அதைச் சுற்றி வீட்டு மனைகள், பின்னால் ஒரு லேன், அதாவது பின்சந்து. பிற்பாடு பெரிய வீடும் சின்ன வீடும் ஒரே பிளாக்கில் முதுகோடு முதுகாக இருந்ததால் நடுவில் கோடு போட இடமில்லை. பிறகு 1960-களில் ஐ-16 நெடுஞ்சாலையின் மேம்பாலத்துக்காக மேற்குப் பகுதியை இடித்தார்கள். இன்று மார்ட்டின் லூதர் கிங் பெயரில் இருக்கும் சாலை அப்போது மேற்கு பிராட் தெரு, கறுப்பின மக்களின் கடைவீதி. "அதைத் தாண்டாதே" என்று சொல்பவர்களில் பாதிப் பேர் சொல்வது குற்றக் கணக்கை அல்ல, அங்கே குடியிருப்பவர்களின் நிறத்தை. நம் ஆட்களும் கேட்டதை அப்படியே அடுத்தவருக்குக் கடத்துகிறார்கள். அந்தக் கோடுகளை ஒதுக்கிவிட்டு பிளாக் பிளாக்காகப் பாருங்கள்.

எப்படிப் பார்ப்பது? இணையத்தில் கிடைக்கும் குற்ற வரைபடத்தில் முகவரியைப் போட்டு, கால் மைல் சுற்றளவு, கடந்த ஆறு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்த எண்ணிக்கை உதவாது, வகை பிரித்துப் பாருங்கள். காரிலிருந்து திருட்டு, வீடு உடைப்பு, துப்பாக்கிச் சூடு மூன்றும் வேறு வேறு விஷயம். பழைய நகரத்தில் வரைபடம் சிவப்பாகத் தெரிவதற்குச் சுற்றுலாக் கூட்டமும் காரணம். பொருளைப் பறிகொடுப்பவரில் பலர் அங்கே குடியிருப்பவர்களே இல்லை, ஆனால் "ஆயிரம் பேருக்கு இத்தனை" என்ற கணக்கு குடியிருப்போரை வைத்துத்தான் வகுக்கப்படுகிறது. "ஆபத்தான நகரங்கள்" பட்டியல்களையும் இதனால்தான் நம்ப வேண்டாம்.

அதன்பின் நேரில் போங்கள், பகலில் மட்டும் அல்ல. வாரநாள் இரவு பத்து மணிக்கு ஒருமுறை, சனிக்கிழமை நள்ளிரவுக்குப் பிறகு ஒருமுறை. நடைபாதை ஓரத்தில் பாசிமணி சிதறியதுபோல் கண்ணாடித் துண்டுகள் கிடந்தால் அங்கே கார் ஜன்னல் உடைந்திருக்கிறது. ஒரே தெருவில் மூன்று நான்கு இடத்தில் கிடந்தால் அந்தத் தெருவில் காரை விட வேண்டாம். முகப்பை மட்டும் பார்த்துத் திரும்பாமல் லேனிலும் நடந்து பாருங்கள். குப்பைத் தொட்டி, கார், பின்கதவு எல்லாம் அங்கேதான். லேன் விளக்கு எரியவில்லையென்றால் நகராட்சிப் புகார் எண்ணான 311-க்குச் சொல்லலாம், கம்பத்து எண்ணைக் குறித்துக்கொண்டு சொன்னால் வேலை சீக்கிரம் நடக்கும்.

ஜோன்ஸ் தெருவுக்கு வடக்கே 16 அவுன்ஸ் வரை பிளாஸ்டிக் கோப்பையில் மதுவோடு தெருவில் நடக்க அனுமதி உண்டு. குழந்தையை வைத்துக்கொண்டு வார இறுதி இரவுச் சத்தத்தில் தூங்க முடியுமா என்பதையும் யோசியுங்கள். மார்ச் 17, செயின்ட் பேட்ரிக் தினத்தன்று ஊர்வலமும் கூட்டமுமாக இருக்கும், காரை வெளியே எடுக்கலாம் என்று நினைக்கவே வேண்டாம்.

பதில் 2

மேலே அண்ணன் சொன்னது சரி. ஆனால் அதிகம் நடப்பது கார் திருட்டுதான் என்பதால் அதையே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஜார்ஜியாவில் 2022 முதல் உரிமம் இல்லாமலே துப்பாக்கி வைத்துக்கொண்டு நடமாடலாம். பலர் அதைக் காரிலேயே விட்டுப் போகிறார்கள். அதனால் இரவில் வரிசையாகக் கார்க் கதவுகளை இழுத்துப் பார்த்துக்கொண்டே போகும் பையன்கள் தேடுவது முதலில் துப்பாக்கி. பூட்டாத காரில் துப்பாக்கி வைத்தால் அபராதம் என்று நகர சபை 2024-ல் ஒரு விதியே போட்டது. உங்களிடம் துப்பாக்கி இல்லை என்பது ஜன்னலை உடைப்பவனுக்குத் தெரியாது. அதனால் காருக்குள் பை, சார்ஜர் வயர், ஜிம் மூட்டை எதுவுமே கண்ணில் படக்கூடாது. பொருளை டிக்கியில் வைப்பதானால் கிளம்பும் இடத்திலேயே வைத்துவிடுங்கள், போய் நிறுத்திய இடத்தில் டிக்கியைத் திறந்தால் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இன்னொன்று, உங்கள் கம்பெனி கார் என்பதால் சொல்கிறேன். அமெரிக்காவில் விற்ற 2021 வரையிலான பல ஹூண்டாய், கியா மாடல்களில் சாவியைத் திருகி ஸ்டார்ட் செய்யும் வகைக்கு இம்மொபிலைசர், அதாவது சரியான சாவி இல்லாமல் எஞ்சின் கிளம்பாமல் தடுக்கும் கருவி, கிடையாது. ஸ்டியரிங் உறையைப் பெயர்த்தால் வண்டி கிளம்பிவிடும். பொத்தான் அழுத்தும் வகைக்கு இந்தக் குறை இல்லை. பழைய கார் வாங்கினால் 2023 முதல் டீலர்கள் இலவசமாகப் போட்டுத்தரும் மென்பொருள் ஏறியிருக்கிறதா என்று விஐஎன் எனும் வண்டி அடையாள எண்ணை வைத்துக் கேளுங்கள். கூடவே ஸ்டியரிங் பூட்டு ஒன்றும் வாங்கிப் போடுங்கள். அதைப் பார்த்தாலே பாதிப் பேர் அடுத்த காருக்குப் போய்விடுவார்கள்.

பாஸ்போர்ட், ஐ-797 (விசா மனு ஒப்புதல் கடிதம்) அசல் எல்லாம் காரில் போகக்கூடாத பொருள்கள். போனால் போலீஸ் புகார் எண் வாங்கி, அதை வைத்து அட்லாண்டா இந்தியத் துணைத் தூதரகம் வழியாகப் புதிது எடுக்க வேண்டும், விசா முத்திரைக்குத் தனி அலைச்சல். உடைத்தவன் போய்விட்டால் 911 அல்ல, அவசரமில்லாத எண்ணில் கூப்பிடுங்கள். ஆள் இன்னும் அங்கே இருந்தால், அல்லது வீட்டுக்குள் சத்தம் கேட்டால், யோசிக்காமல் 911.

நகை விஷயம். தெற்காசியக் குடும்பங்களைக் குறிவைத்து வீடு புகுந்த கும்பல் மீது ஜார்ஜியா உட்படப் பல மாநிலச் சம்பவங்களுக்காக வழக்கு நடந்து தண்டனையும் ஆகியிருக்கிறது. வாடகைதாரர் இன்சூரன்ஸில் நகைத் திருட்டுக்குப் பெரும்பாலும் 1,500 டாலர்தான் உச்சவரம்பு. தாலிச் சங்கிலிக்கே அது போதாது. மதிப்பீட்டுச் சான்றோடு தனியாகச் சேர்க்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வங்கி லாக்கர் இருக்கும் கிளையாகப் பார்த்துக் கணக்குத் தொடங்குங்கள்.

கேள்வி கேட்டவர்

நன்றி அண்ணா. ஜோன்ஸ் தெருவுக்குப் பக்கத்தில் படிக்குக் கீழே இருக்கும் கார்டன் அபார்ட்மெண்ட் ஒன்று பார்த்திருக்கிறோம். மாடி வீடுகளைவிட வாடகை நன்றாகவே குறைவு. எடுக்கலாமா?

பதில் 3

வாடகை குறைவதற்கு மூன்று காரணம்: ஜன்னல், தண்ணீர், பெயிண்ட்.

ஜன்னல் நடைபாதை உயரத்தில் இருக்கும். மேல்கீழாக நகரும் பழைய மரச் சட்டங்களில் நடுவிலுள்ள கொக்கி பெயருக்குத்தான். இரண்டு சட்டமும் ஒன்றன்மேல் ஒன்று வரும் இடத்தில் துளை போட்டு ஒரு ஆணி செருகினால் வெளியிலிருந்து தூக்க முடியாது. ஜன்னல் ஏசி இருந்தால் அதைச் சட்டத்தோடு திருகி வையுங்கள், இல்லையென்றால் உள்ளே தள்ளிவிட்டு ஆள் வரலாம். வெளியே கம்பி போட ஆசைப்படாதீர்கள். பாரம்பரியப் பகுதியில் வெளிப்புற மாற்றத்துக்கு நகரத்தின் ஒப்புதல் வேண்டும். கண்ணாடியின் உட்புறம் 8 மில் (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமனுள்ள பாதுகாப்புப் படலம் ஒட்டலாம், உடைந்தாலும் சட்டென்று கழன்று விழாது.

கதவில் டெட்போல்ட், அதாவது சாவி திருப்பினால் நீளும் தாழ், ஒரு அங்குலம் வெளியே நீள வேண்டும். கதவு நிலையில் அந்தத் தாழ் நுழையும் உலோகத் தகட்டை (ஸ்ட்ரைக் பிளேட்) கழற்றி திருகாணியைப் பாருங்கள். முக்கால் அங்குலம் இருந்தால் ஒரு உதையில் மரத்தோடு பெயரும், மூன்று அங்குலமாக மாற்றினால் சுவர்க்கட்டை வரை பிடிக்கும். கதவில் கண்ணாடி இருக்கிறதென்று இரண்டு பக்கமும் சாவி கேட்கும் பூட்டு போட்டிருந்தால் மாற்றச் சொல்லுங்கள். தீப்பிடித்தால் இருட்டில் சாவி தேட வேண்டியிருக்கும். பெயிண்ட் ஒட்டித் திறக்காத ஜன்னலுக்கும் இதே ஆபத்து.

தண்ணீருக்கு வருவோம். இங்கே கடல் ஏற்றத்தாழ்வு ஏழு அடிக்கு மேல். ஏற்றமும் பெருமழையும் சேர்ந்தால் வடிகாலில் நீர் போக வழியில்லாமல் தெருவிலேயே தேங்கும். வாடகைதாரர் இன்சூரன்ஸ் வெள்ளத்துக்குத் தராது. தேசிய வெள்ளக் காப்பீட்டில் சாமான்களுக்கு மட்டும் எடுக்கலாம், ஆனால் பணம் கட்டி 30 நாள் கழித்துத்தான் அமலுக்கு வரும். புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை, எனவே மே தொடக்கத்திற்குள் எடுத்துவிடுங்கள். சுவரின் அடிப்பகுதியில் புதுப் பெயிண்ட் மட்டும் ஒரு கோடாகத் தெரிந்தால், எப்போது தண்ணீர் வந்தது என்று எழுத்தில் கேளுங்கள்.

நான்கு வயதுக் குழந்தை இருப்பதால் திருடனைவிட எனக்குப் பயம் ஈயப் பெயிண்ட்தான். 1978-க்கு முன் கட்டிய வீடென்றால் ஒப்பந்தத்துக்கு முன்பே ஈயம் பற்றிய அறிவிப்புப் படிவமும் கையேடும் தருவது கட்டாயம். தராத உரிமையாளரிடம் வீடு எடுக்காதீர்கள். ஜன்னல் ஏறி இறங்கும்போது உரசி விழும் தூள்தான் குழந்தையின் கைக்கும் வாய்க்கும் போவது. குடியேறியதும் குழந்தை மருத்துவரிடம் ரத்தத்தில் ஈய அளவு பார்க்கச் சொல்லுங்கள்.

என் முடிவு: பழைய நகரம் வேண்டுமென்றால் முதல் மாடி, தனிக் கார் இடம், லேன் பக்கம் வெளிச்சம். இந்த மூன்றும் கிடைக்காவிட்டால் பூலர். ஐ-16-ல் ஆலைக்குப் போகும் தூரமும் பாதியாகும். முன்பணமாகக் கேட்ட மாதத்தையெல்லாம் அப்படியே கொடுத்துவிடாதீர்கள், 2024 ஜூலை முதல் ஜார்ஜியாவில் இரண்டு மாத வாடகைதான் உச்சவரம்பு. பார்க்காத வீட்டுக்கு ஜெல் (Zelle) என்ற வங்கிப் பணப் பரிமாற்றச் சேவையில் பணம் அனுப்பச் சொல்பவர் உரிமையாளரே அல்ல.

எங்கே எடுத்தாலும் உங்கள் வெளியேற்ற மண்டலம் ஏ-யா, பி-யா, சி-யா என்று சவானா அடங்கிய சாத்தம் கவுண்டியின் (மாவட்டம்) இணையதளத்தில் பார்த்து வையுங்கள். பூலர் பக்கம் போனாலும் இது உண்டு. கட்டாய வெளியேற்றம் அறிவித்தால் ஐ-16-ன் இரு பக்கப் பாதைகளையும் மேற்கு நோக்கித் திருப்பிவிடுவார்கள். 2016 மேத்யூ புயலுக்கும் 2017 இர்மாவுக்கும் ஊரே அப்படித்தான் கிளம்பியது. முந்தைய நாளே டேங்க்கை நிரப்பிவிடுங்கள், அறிவிப்பு வந்தபின் பங்க்குகளில் வரிசை நிற்கும்.