பெரியம்மாவின் பிரஷர் குளிசையும் மாமாவின் அவசரமும்

பெரியம்மா: பிள்ளை, இன்றைக்கு கிளினிக்கில் பார்த்தபோது 165/95. டொக்டர் சின்னக் குளிசை ஒன்று எழுதித் தந்துவிட்டு ஒரு மாதம் கழித்து வரச் சொல்கிறார். இவ்வளவு ஏறி இருக்கிறது, இவருக்கு ஒரு பதற்றமும் இல்லை.

மாமா: 🚫 இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பெரியம்மா: நான் வாசித்துவிட்டேன். ரெண்டாகப் போடச் சொல்கிறான்.

அக்கா: மாமா!! பெரியம்மா, எழுதித் தந்தபடி ஒன்றுதான். கூட்டவோ குறைக்கவோ வேண்டுமென்றால் அதே டொக்டரிடம் கேளுங்கள், இந்தக் குரூப்பில் இல்லை.

மாமா: சரி சரி. ஆனால் ஏன் கெதியாக இறக்கக்கூடாது என்று சொல்லு பார்ப்போம். அவ்வளவு படித்திருக்கிறாய்.

அக்கா: மூளை நம் உடல் எடையில் 2% தான், ஆனால் இதயம் தள்ளும் இரத்தத்தில் ஏறக்குறைய 15% அதற்குப் போகிறது, நிமிடத்துக்கு முக்கால் லீற்றர். நீங்கள் படுத்துக் கிடந்தாலும் காலி வீதியில் பஸ்ஸுக்கு ஓடினாலும் அந்தத் தொகை பெரிதாக மாறாது. அழுத்தம் ஏறினால் மூளையின் புன்னாடிகள், அதாவது மிகச் சிறிய நாடிகள், சுருங்கும், இறங்கினால் விரியும். இதைத்தான் தன்னொழுங்கு என்பார்கள். இதற்கு ஓர் எல்லை உண்டு. 1959இல் நீல்ஸ் லாசன் என்ற டென்மார்க்காரர் பல ஆய்வுகளின் சராசரிகளை ஒரே வரைபடத்தில் போட்டு, சராசரி அழுத்தம் 60இலிருந்து 150 வரை ஓட்டம் மாறாது என்று காட்டினார். பாடப்புத்தகத்தில் இன்னும் அந்தப் படம்தான் இருக்கிறது. உண்மையில் கோடு அவ்வளவு தட்டை இல்லை, ஆளுக்கு ஆள் எல்லையும் வேறு.

தம்பி: 165/95க்குச் சராசரி 118 வருகிறது. கீழ் எண்ணோடு வித்தியாசத்தின் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டினேன். அப்போ பெரியம்மா எல்லைக்குள்ளேதானே?

அக்கா: ஓம், ஆனால் சிக்கல் அங்கே இல்லை. வருடக்கணக்காகப் பிரஷர் கூடி இருந்தால் நாடிச் சுவர் தடித்து, அந்த 60–150 என்ற வீச்சே மேலே நகர்ந்துவிடும். மேலே உள்ளதைத் தாங்கப் பழகிய நாடி கீழே உள்ளதைச் சமாளிக்காது. மற்றவர்களுக்குச் சாதாரணமான அழுத்தத்தில்கூட இப்படிப்பட்டவருக்குத் தலைசுற்றலாம், இன்னும் மோசமாகவும் போகலாம். 1973இல் லாசனும் சேர்ந்திருந்த ஒரு குழு கடுமையான பிரஷர்காரரிடம் இதை அளந்து காட்டியது. மெதுவாக இறக்கினால் பலருக்கு வீச்சும் ஓரளவு திரும்பி வரும். அதற்குத்தான் டொக்டர் நேரம் கொடுக்கிறார்.

பெரியம்மா: இதை அவர் ஒரு வரியில் சொல்லியிருக்கலாம்.

அக்கா: வெளியே வரிசையைப் பார்த்தீர்களா 😅

மாமா: விளங்குது. எங்கள் தொடர்மாடியில் மேல் தாங்கி குறைந்தால் மிதவை கீழே பம்புக்குச் சொல்லும், பம்பு ஓடும். அதே கதை.

அக்கா: இல்லை மாமா, அழகே அங்கேதான். பம்புக்கு யாரோ சொல்ல வேண்டும். இங்கே குழாயே உணர்ந்து குழாயே சுருங்குகிறது. 1902இல் பேலிஸ் என்ற ஆங்கிலேய உடலியலாளர் நரம்புத் தொடர்பை அறுத்த பிறகும் நாடி இழுபட்டால் சுருங்குவதைக் காட்டினார். சுவரின் தசை இழுபடும்போது அதற்குள் கல்சியம் நுழைகிறது, தசை இறுகுகிறது, அவ்வளவுதான். மேலிடத்து உத்தரவும் வந்து சேரும், ஆனால் அதற்காக இது காத்திருக்காது. சிறுநீரகத்தில் இதற்கு மேல் இன்னொரு ஏற்பாடும் உண்டு, வடிந்து வரும் திரவத்தில் உப்பு கூடினால் அது ஓடும் சிறுகுழாய் அதை உணர்ந்து, இரத்தம் வடிகட்டப்படும் இடத்துக்கு வரும் புன்னாடியையே இறுக்கிவிடும்.

தம்பி: அக்கா, ரியூசனில் பரம்பரையலகுக்கும் தன்னொழுங்கு என்று சொன்னார்கள். அங்கே நாடியும் இல்லை, தசையும் இல்லையே?

அக்கா: ஒரு புரதம் தன்னை உருவாக்கும் பரம்பரையலகின் முன்பகுதியிலேயே போய் ஒட்டிக்கொண்டு அதை நிறுத்தும். ஈ. கோலை என்ற குடல் பக்டீரியாவில் பரம்பரையலகுகளை இயக்கி நிறுத்தும் புரதங்களில் 40% வரை இப்படித் தன்னைத் தானே அடக்குபவை. நன்மை என்ன தெரியுமா, தொடக்கத்தில் வேகமாக உற்பத்தி செய்யலாம், போதுமானதும் தானே கதவடைக்கும். 2002இல் அளந்து பார்த்தபோது, கலம் ஒரு முறை பிரிய எடுக்கும் நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கில் தேவையான அளவின் பாதிக்கு வந்துவிட்டது. தன்னை அடக்காத சாதாரண ஏற்பாட்டுக்கு அந்தப் பாதிக்கே முழு நேரமும் தேவை. மாமாவின் கவுட் குளிசையிலும் இதே கதை இருக்கிறது.

மாமா: என் கொல்கிசினா? அது கார்த்திகைக் கிழங்கு நஞ்சு என்று அம்மா பயமுறுத்துவார்.

அக்கா: அதேதான், கிழங்கிலும் கொல்கிசின் உண்டு, அதனால் கிழங்கைத் தொடவும் வேண்டாம். கலத்துக்குள் டியூபியூலின் என்ற புரதம் கோத்துக் கோத்து நுண்குழாய்கள் ஆகும். கொல்கிசின் அவற்றைக் குலைத்தால் கோக்கப்படாத தனி டியூபியூலின் நிரம்பி வழியும். 1970களின் இறுதியில் வளர்ப்புக் கலங்களில் பார்த்தார்கள், கலம் உடனே புது டியூபியூலின் செய்வதைக் குறைத்துக்கொள்கிறது. ஆனால் பரம்பரையலகை நிறுத்தி இல்லை. அதன் செய்தியைச் சுமந்து ஏற்கனவே வெளியே வந்த பிரதியை, தூது ஆர்.என்.ஏயையே, அழித்துவிடுகிறது.

தம்பி: எந்த தூது ஆர்.என்.ஏ என்று எப்படித் தெரியும்? ஆயிரக்கணக்கில் இருக்குமே.

அக்கா: புரதம் பிறக்கும்போது எட்டிப்பார்க்கும் முதல் நான்கு அமினோ அமிலங்களை வைத்து. அந்த நுனியைப் பிடிக்கும் புரதத்தை 2020இல்தான் கண்டுபிடித்தார்கள், பெயர் டி.டி.சி.5. நாற்பது வருடம் தேடியிருக்கிறார்கள்!

தம்பி: தன்னைத் தானே கூட்டிக்கொள்வதும் இருக்குமா, அடக்குவது மட்டுமா?

அக்கா: ரெண்டும் ஒரே புரதத்தில் உண்டு. லாம்டா என்ற வைரசு பக்டீரியாவின் டி.என்.ஏக்குள் ஒளிந்திருக்கும்போது சி.ஐ என்ற புரதம் காவல் காக்கும். குறைவாக இருந்தால் தன் உற்பத்தியையே தூண்டும், கூடிப்போனால் பக்கத்து இடத்திலும் ஒட்டி அதை நிறுத்தும்.

மாமா: பக்டீரியாவுக்கு அடி விழுந்தால்?

அக்கா: புறஊதாக் கதிர் பட்டு டி.என்.ஏ சேதமானால் சி.ஐ உடையும், வைரசு பெருகிக் கலத்தை வெடித்து வெளியேறும். சரி, வார்டில் கூப்பிடுகிறார்கள். மாமா, குளிசைப் பெட்டியைப் பெரியம்மாவிடமே கொடுங்கள்.