கட்டடங்களின் ‘செல்லாமை’: ஒரு கலைச்சொல் முன்மொழிவு

நண்பர்களுக்கு வணக்கம்.

‘ஆப்சலசென்ஸ்’ (ஒரு பொருள் கெட்டுப்போகாமலே வேண்டாததாகிவிடுவது) என்பதற்குக் கட்டடக்கலையில் எந்தச் சொல்லை ஆள்வது என்று தொடங்கிய இந்த இழையில் வழக்கொழிவு, பயனிழப்பு, காலாவதி என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. சொல்லைத் தேடுமுன், எந்த நிகழ்வுக்குப் பெயர் வைக்கப் போகிறோம் என்பதை ஒரு கட்டடத்தைக் கொண்டு பார்த்துவிடுவோம்.

நியூயார்க்கின் வால் ஸ்ட்ரீட் முனையில் 1897இல் கில்லெண்டர் கட்டடம் எழுந்தது. எஃகுச் சட்டகம், சுமார் 20 மாடி. 1910இல் அதை இடித்தார்கள். பதின்மூன்றே ஆண்டுகள்! அது பழுதுபட்டு இடிபடவில்லை. 26 அடி அகல மனையில் ஒல்லியாக நின்றதால் ஒவ்வொரு தளத்திலும் வாடகைக்கு விடக்கூடிய இடம் குறைவு; நிலத்தின் மதிப்போ ஏறிக்கொண்டே போனது. அதே முனையில் ஏறக்குறைய இருமடங்கு உயரத்துக்கு ஒரு வங்கிக் கோபுரம் வந்தது. அடித்தளமும் தூண்களும் அப்படியே இருக்க, சுற்றியிருந்தவர்களின் கணக்கு மாறியதால் விழுந்த கட்டடம் அது.

இதை வழக்கொழிவு என்று எப்படிச் சொல்வது? திண்ணை வைத்து வீடு கட்டும் முறை வழக்கொழியலாம். வானளாவிகளோ 1910இல் பெருகிக்கொண்டிருந்தன. ‘பயனிழப்பு’ என்றாலும் ஆளில்லாமல் பாழாய்க் கிடந்த கட்டடம்தான் மனத்தில் வருகிறது. கில்லெண்டர் அப்படிக் கிடக்கவில்லை.

‘காலாவதி’ பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ‘அவதி’ என்றால் எல்லை, தவணை. மருந்துக்கும் ஓட்டுநர் உரிமத்துக்கும் இருப்பதைப் போல முன்கூட்டியே குறித்த நாள் ஒன்று அதற்கு வேண்டும். கட்டடக்கலையில் உண்மையான காலாவதிக்கு ஜப்பானின் இசே ஆலயத்தைக் காட்டலாம். இருபது ஆண்டுக்கு ஒருமுறை, மரம் உறுதியாக இருந்தாலும், பக்கத்து மனையில் புதிதாகக் கட்டிவிட்டுப் பழையதைப் பிரிக்கிறார்கள். கடைசியாக 2013இல் நடந்தது. அதே நாட்டின் வரிச்சட்டம் மரவீட்டின் மதிப்பு ஆண்டுதோறும் குறைந்து தீர 22 ஆண்டு என்று கணக்கு வைத்திருக்கிறது. அது தேய்மானம். அதற்கு நம்மிடம் நல்ல சொல் ஏற்கெனவே இருக்கிறது.

இவை இரண்டிலும் அடங்காதது தோக்கியோவின் நககின் கேப்சூல் கோபுரம். கிஷோ குரோகாவா வடிவமைத்து 1972இல் முடிந்தது. இரண்டு கான்கிரீட் தண்டுகளில் 140 அறைப்பெட்டிகள், ஒவ்வொன்றும் நான்கு போல்ட்டுகளில் நின்றன. 25 ஆண்டில் பெட்டிகளைக் கழற்றிப் புதியன மாட்டுவது திட்டம். அதாவது பெட்டிக்குக் காலாவதி நாள் உண்டு, தண்டுக்கு இல்லை. ஒரு பெட்டிகூட மாற்றப்படவில்லை. கீழ்ப்பெட்டியை எடுக்க மேலிருப்பவற்றை முதலில் கழற்ற வேண்டும். பெட்டிக்கு ஓர் உரிமையாளர் வேறு. கசிவும் துருவும் வந்தன. அது சிதைவு. பெட்டிகளை மட்டும் மாற்றலாம் என்று குரோகாவா மன்றாடியும், 2007இல் உரிமையாளர்கள் இடிக்க வாக்களித்தார்கள். அந்த முடிவுக்குத்தான் சொல் இல்லை. 2022இல் பிரித்தெடுத்தார்கள்.

நான் முன்மொழிவது ‘செல்லாமை’.

செல்லாக்காசை எண்ணிப் பாருங்கள். உலோகம் தேயவில்லை, முத்திரை அழியவில்லை, கடைக்காரர் வாங்க மாட்டேன் என்கிறார். 2016 நவம்பர் 8 இரவு நம் பையிலிருந்த ஐந்நூறு ரூபாய்த் தாள் கிழியவில்லை. செல்லாது என்றார்கள், அவ்வளவுதான். கில்லெண்டருக்கு நடந்ததும் இதுவே. ‘கட்டடம் செல்லாமல் போயிற்று’ என்றால் எவருக்கும் விளங்கும். பொருளியற் செல்லாமை, தொழில்நுட்பச் செல்லாமை, திட்டமிட்ட செல்லாமை என்று கிளைச்சொற்களும் தடையின்றி வருகின்றன.

இரண்டு தடைகளை நானே சொல்லிவிடுகிறேன். ‘செல்லாமை உண்டேல் எனக்குரை’ என்ற குறளில் அச்சொல் பிரிந்து போகாமையைக் குறிக்கிறது. ஆனால் இன்று ‘செல்லாது’ என்று கேட்டதும் பணமும் பத்திரமும்தான் நினைவுக்கு வருகின்றன; குழப்பம் வராது என்று நம்புகிறேன். சட்டத்தமிழில் செல்லாத ஒப்பந்தம் உண்டே என்பது அடுத்தது. அங்கும் காகிதம் முழுதாக இருக்க, அதன் ஏற்பு போய்விடுகிறது. அது என் தரப்புக்கு வலுவே சேர்க்கிறது.

இதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருக்கக் காரணம் உண்டு. எங்கள் ஊரில் சுண்ணாம்புச் சாந்தில் எழுப்பிய பழைய பள்ளிக்கூடம் ஒன்றை ‘காலாவதியான கட்டடம்’ என்று அறிவிப்பு ஒட்டி இடித்தார்கள். சுவரை உடைக்க இரண்டு வாரம் ஆயிற்று. தேக்கு உத்திரங்கள் மரக்கடைக்கு நல்ல விலைக்குப் போயின. காலாவதி என்று எழுதியதும், ஏதோ இயற்கை விதி போலும் என்று எல்லோரும் ஒதுங்கிக்கொண்டோம். ‘செல்லாதது’ என்று எழுதியிருந்தால், செல்லாது என்று சொன்னது யார், எதற்காக என்று ஒருவராவது கேட்டிருப்போம்.

செல்லாததைச் செல்ல வைக்கவும் முடியும். லண்டன் பேங்க்சைடு மின்நிலையம் 1981இல் மூடப்பட்டது. 2000இல் அதே செங்கல் சுவர்களுக்குள் டேட் மாடர்ன் கலைக்கூடம் திறந்தது. டர்பைன்கள் நின்ற கூடத்தில் இன்று சிற்பங்கள் நிற்கின்றன. காலாவதியான மருந்துக்கு இப்படி ஒரு மறுவாழ்வு கிடையாது.

வழக்கொழிவை முன்மொழிந்த நண்பர், அதைக் கட்டட வகைகளுக்கும் பாணிகளுக்கும் வைத்துக்கொள்ள இசைவாரா? தனிக் கட்டடத்துக்குச் செல்லாமை என்று பிரித்துக்கொண்டால் இரண்டு சொல்லும் நமக்கு வேண்டியிருக்கும்.