எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது, வயது 74: என்ன பார்க்க வேண்டும்?

மலர்விழி:
அம்மாவுக்கு 74 வயது. ரத்த அழுத்தத்துக்கு இரண்டு மாத்திரை, அதில் ஒன்று சிறுநீரைக் கூடுதலாகப் பிரிய வைப்பது. போன மாதத்திலிருந்து படுக்கையை விட்டு எழுந்ததும் கண் இருட்டிக்கொண்டு வருகிறது. உட்கார வைத்துப் பார்த்தால் 130/76தான். வயதானால் இப்படித்தான் என்று விட்டுவிடலாமா? கைத்தடி வாங்கிக் கொடுத்தால் போதுமா?

மூத்தோர் நலச் செவிலி:
விட்டுவிடாதீர்கள். உட்கார்ந்து பார்த்த அளவை வைத்து இதில் எதுவும் சொல்ல முடியாது. 5 நிமிடம் மல்லாந்து படுக்க வைத்து ஒருமுறை பாருங்கள். பிறகு எழுந்து நிற்கச் சொல்லி 1ஆவது நிமிடத்திலும் 3ஆவது நிமிடத்திலும் பாருங்கள். நிற்கும்போது கையில் சுற்றிய அழுத்தக் கருவியின் பட்டையைக் கழற்ற வேண்டாம்; கையை மட்டும் நெஞ்சு உயரத்தில் தாங்கிப் பிடியுங்கள், தொங்கவிட்டால் அளவு கூடுதலாகக் காட்டும். ஒருவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும். தலைசுற்றினால் உடனே உட்கார வைத்துவிடுங்கள்.

மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால், நிற்கும்போது அழுத்தம் விழுகிறது என்று பொருள். காலையில் எழுந்ததும் ஒன்று, சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து ஒன்று என்று மூன்று நாள் எழுதி வையுங்கள். சிலருக்குச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் அதிகம் இறங்கும்.

அந்தத் தாளோடு, அவர் விழுங்கும் எல்லா மாத்திரைகளையும் ஒரே பையில் போட்டு மருத்துவரிடம் கொண்டுபோங்கள். சளி மாத்திரை, தூக்க மாத்திரை, நரம்பு வலிக்குத் தரும் அமிட்ரிப்டிலின், எல்லாமே. சீட்டில் இல்லாதவைதான் பல நேரம் காரணமாக இருக்கும். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். முக்கியமாகத் தூக்க மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் வேறு தொல்லைகள் வரும்.

இயன்முறை சிகிச்சையாளர்:
மேலே சொன்னதோடு காலின் பலத்தையும் பாருங்கள். சுமார் 43 செ.மீ. உயர நாற்காலியைச் சுவரை ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பில் குறுக்காகக் கட்டியபடி 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்காருகிறார் என்று எண்ணுங்கள். 70–74 வயதுப் பெண்ணுக்கு 10க்குக் குறைந்தால் தொடை பலவீனம். கையை ஊன்றித்தான் எழ முடிகிறது என்றால் எண்ணிக்கை பூஜ்யம். தலைசுற்றும் நாளில் இதைச் செய்ய வேண்டாம்.

அதே அசைவுதான் பயிற்சியும். 5 முறை எழுந்து, ஓய்வெடுத்து, இன்னொரு 5. வாரம் மூன்று நாள் போதும். உட்காரும்போது தொப்பென்று விழாமல் மூன்று எண்ணி மெதுவாக இறங்க வேண்டும்; அந்த இறக்கத்திலும் பலம் கூடுகிறது, பலரும் அதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

கைத்தடி தலைசுற்றலுக்கு மருந்தாகாது. வாங்கினால் உயரம் சரியாக இருக்க வேண்டும்: நேராக நின்று கையைத் தொங்கவிட்டால் பிடி மணிக்கட்டு மடிப்புக்கு வர வேண்டும். வலி இருக்கும் காலுக்கு எதிர்க் கையில் பிடிக்க வேண்டும்.

மலர்விழி:
நன்றி. படுக்கையில் புரண்டாலும் சில நேரம் சுற்றுகிறது என்கிறார். அதுவும் இதேதானா?

மூத்தோர் நலச் செவிலி:
இல்லை, அது வேறு. புரளும்போது அறையே சுழல்வது போலிருந்து ஒரு நிமிடத்துக்குள் நின்றால், உள்காதில் சுண்ணாம்புத் துகள் இடம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம். காது மருத்துவர் தலையைக் குறிப்பிட்ட கோணங்களில் திருப்பியே பெரும்பாலும் சரிசெய்துவிடுவார். இரண்டும் ஒரே ஆளுக்கு இருக்கலாம், அதனால் தனித்தனியாகச் சொல்லுங்கள்.

அதுவரை: எழும் முன் படுத்தபடியே பாதங்களை 20 முறை மேலும் கீழும் ஆட்டி, கட்டில் ஓரத்தில் 2 நிமிடம் உட்கார்ந்து, எதையாவது பிடித்தபடி எழட்டும். இரவில் கழிவறைக்குப் போகும் வழியில் விளக்கு எரியட்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுக்கிறார் என்றால், விழுந்து தலையில் அடிபட்ட அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள், அவர் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும்.