கலைச்சொல் தேவை: கொல்லுலையில் காற்று நுழையும் உறுப்புக்கு

கிளிநொச்சியிலிருந்து:

எல்லாருக்கும் வணக்கம்.

பழைய இரும்பையும் கையால் செய்த சாமான்களையும் வைத்து வீட்டு வளவில் சின்னக் கம்மாலை (கொல்லுப்பட்டறை) போட விரும்புகிறவர்களுக்கான கைந்நூல் இப்போது உலைப் பகுதிக்கு வந்திருக்கிறது. பட்டடை (இரும்பை வைத்து அடிக்கும் அடி), குறடு, சம்மட்டி, அரம், தோய்ச்சல் (சூடான இரும்பை எண்ணெயிலோ தண்ணீரிலோ அமிழ்த்துவது) என்று மற்றதுக்கெல்லாம் கம்மாலைக்குள்ளேயே சொல் கிடக்கிறது. இடறுகிறது ஒன்றுதான். புளோவரிலிருந்து (காற்று ஊதும் விசிறி) வரும் காற்றை நெருப்புக்குள் விடுகிற கடைசி உறுப்பை எப்படிச் சொல்வது? ஆங்கிலக்காரர் பிரெஞ்சிலிருந்து எடுத்து 'துயேர்' என்கிறார்கள். வெல்டிங் கடையில் 'பைப் துண்டு' என்றால் போதும், ஆனால் அதே உலையில் இன்னும் மூன்று பைப் துண்டுகள் இருக்கின்றன.

இதுவரை வந்தவை: ஊதுகுழல், காற்றுக்குழாய், துருத்திவாய், உலைமூக்கு. படங்கள் அச்சுக்குப் போக முன்னம் ஒன்றில் நிற்க வேண்டும்.

முள்ளியவளையிலிருந்து:

தம்பி, முதல் மூன்றையும் விட்டுவிடலாம். ஊதுகுழல் அடுப்படியிலும் இருக்கிறது, தட்டாரிடமும் இருக்கிறது. மூன்றாவது பொருளை அதன் தலையில் ஏற்ற வேண்டாம். காற்றுக்குழாய் என்ற சொல் புளோவரிலிருந்து உலைச் சுவர் வரைக்குமான நீளத்துக்கு வேண்டும். துருத்திவாய் துருத்தியின் உறுப்பு. இப்போது உலை போடுகிற பெடியள் தோல் துருத்தி கட்டப் போவதில்லை, வான் வாகனத்திலிருந்து கழற்றிய 12 வோல்ட் புளோவரைத்தான் பூட்டப் போகிறார்கள்.

உலைமூக்கு பழைய சொல். அது பழையது என்பதற்காக நான் அதன் பக்கம் நிற்கவில்லை. இந்த உறுப்பைப் பற்றி ஒருவருக்குச் சொல்ல வேண்டியதெல்லாம் அந்தச் சொல்லிலிருந்தே பிறக்கிறது.

மூக்குத்துளை: உள்விட்டம். கரியுலைக்கு முக்கால் அங்குலத்திலிருந்து ஒரு அங்குலம். இரண்டு அங்குலப் பைப்பை அப்படியே நெருப்புக்குள் விட்டால் காற்று வேகம் குறைந்து பரவும். கரி அகலமாக எரிந்து தீரும், நடு மட்டும் மஞ்சள் சூட்டுக்கு வராது. கரியும் பாக்களவில் இருக்க வேண்டும். சிரட்டைக்கரியைக் கையால் உடைத்துத் தூளை அரித்து எடுத்துவிட்டால் சரி.

பக்கமூக்கு, அடிமூக்கு: காற்று பக்கத்தால் வருகிற உலைக்கும் அடியால் வருகிற உலைக்கும் தனித்தனிச் சொல் தேட வேண்டியதில்லை. கரி பாவிக்கிறவர்களுக்குப் பக்கமூக்கு நல்லது. உலைத் தரையிலிருந்து 4 அங்குல உயரத்தில் மூக்கு இருக்கட்டும். கீழே சாம்பல் தங்க அவ்வளவு இடம் தேவை. மூக்குக்கு மேலே 5, 6 அங்குலம் கரி நிற்க வேண்டும். இரும்பைப் படுக்கையாக, மூக்குக்கு 2 அல்லது 3 அங்குலம் மேலே வைக்க வேண்டும். மூக்குக்கு நேரே வைத்தால் எரியாத காற்று இரும்பில் பட்டுப் பொருக்குத்தான் கழரும், சூடு ஏறாது.

மூக்கு எரிதல்: நுனி கரைந்து போகும். இது பழுது அல்ல, அதன் இயல்பு. ஆகவே 4 மில்லிமீற்றருக்குக் குறையாத சுவருள்ள கறுப்புப் பைப்பில் 2 அடித் துண்டு எடுத்து, அதைச் சுவரில் சீமெந்து போட்டு இறுக்காமல் ஒரு பெரிய பைப் துண்டுக்குள் செருகி வைக்க வேண்டும். நுனி எரிய எரிய முன்னுக்குத் தள்ளலாம். நெருப்புக்குள் நிற்கும் பகுதிக்கு ஒரு அங்குலக் கனத்தில் மண் பூச்சு: புற்றுமண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, ஆலையில் கிடைக்கும் உமிச் சாம்பல் ஒரு பங்கு. நிழலில் மூன்று நாலு நாள் காய வேண்டும். ஈரத்தோடு நெருப்பு மூட்டினால் பூச்சு பிளந்து விழும்.

ஜி.ஐ. பைப் (துத்தநாகம் பூசிய பைப்) வேண்டாம். துத்தநாகம் 907 பாகை செல்சியசில் ஆவியாகும், கரியுலையின் நடு அதைத் தாண்டித்தான் நிற்கும். வெள்ளைப் புகை வரும். சில மணி நேரம் கழித்துக் காய்ச்சலும் நடுக்கமும் வரும்.

மூக்கடைப்பு: எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், சொல்லவே தேவையில்லாமல் விளங்குகிறது. மண் பூச்சும் சாம்பலும் உருகிக் கிட்டமாகி மூக்கு நுனியில் கண்ணாடி மாதிரி ஒட்டும். நெருப்பு மங்கும், அதே நேரம் புளோவரின் சத்தம் கீச்சென்று ஏறும். காற்று போக வழியில்லாததால் பாரம் குறைந்து மோட்டர் வேகமெடுக்கிற சத்தம் அது. பலர் அதைக் கேட்டுப் புளோவர் நன்றாக ஓடுகிறது என்று நினைத்துக் கரியை அள்ளிப் போடுகிறார்கள். இதற்காகத்தான் மூக்குக்கு நேர் பின்னால் ஒரு 'ரீ' (T வடிவில் மூன்று வாயுள்ள இணைப்பு) வைத்து, நேர்வாயில் சுற்றிக் கழற்றும் மூடி போட்டு, புளோவரைப் பக்க வாயில் பூட்ட வேண்டும். மூடியைக் கழற்றி 10 மில்லிமீற்றர் கம்பியால் பின்னாலிருந்து குத்தினால் அடைப்பு விலகும்.

பின்மூச்சு: புளோவரை நிறுத்தியதும் உலையின் சூடும் வாயுவும் குழாயால் திரும்பி வருவது. ஹெயார் ட்ரையரின் பிளாஸ்ரிக் உருகுவது இதனால்தான். தேங்கிய வாயு, திரும்பக் காற்றைத் தொடங்கும்போது 'டப்' என்று பற்றுவதும் உண்டு. புளோவர் மூக்கிலிருந்து 3 அடியாவது தள்ளி, மூக்கை விடத் தாழ்வாக இருக்க வேண்டும். நிறுத்தினால் குழாயைக் கழற்றி வைக்க வேண்டும்.

ஹெயார் ட்ரையர் என்றதால் ஒன்று: சூடாக்கும் கம்பியை வெட்டி எறிந்துவிட்டுக் காற்றை மட்டும் எடுக்கலாம் என்று எழுதாதீர்கள். பலவற்றில் உள்ளே இருப்பது குறைந்த வோல்ட் மோட்டர். அந்தக் கம்பியின் ஒரு பகுதி வழியாகத்தான் அதற்கு மின்சாரம் குறைந்து வருகிறது. வெட்டினால் மோட்டர் நிற்கும். நேரே 230 வோல்ட்டைக் கொடுத்தால் எரியும்.

கடைசியாக, கைந்நூலில் 'பழைய இரும்புக் கடையில் ஒரு பைப் துண்டு வாங்கவும்' என்று இருக்கிறது. எங்கள் பக்கத்தில் போர்க்கால வெடிபொருள் இன்னும் கிடக்கும் என்பதால் அந்த வரி அப்படிப் போகக் கூடாது. இரண்டு வாயும் திறந்து, கண்ணை வைத்துப் பார்த்தால் மறுபக்கம் வெளிச்சம் தெரிகிற துண்டு மட்டும். ஒரு பக்கம் மூடியது, மண் இறுகியது, எதிலிருந்து வந்தது என்று தெரியாதது, இறக்கை மாதிரித் தகடு உள்ளது, இவற்றைத் தட்டவும் கூடாது, உலையில் வைக்கவும் கூடாது. வளவு கிண்டும்போது கிடைத்தால் கை வைக்காமல் 119க்கு அறிவிக்க வேண்டும். வாகன ஷொக் அப்சோபரும் மூடிய குழாய்தான், நெருப்பில் வெடிக்கும்.

வவுனியாவிலிருந்து:

அண்ணை சொன்ன மூக்கடைப்பும் பின்மூச்சும் பக்கமூக்கு உலைக்கு அச்சாவாகப் பொருந்துகிறது. ஆனால் இங்கே அதிகம் பேர் செய்வது பிறேக் டிரம் உலை. அதில் மூக்கு என்று நீட்டிக்கொண்டு ஒன்றும் இல்லை. அடியில் துளை போட்ட தகடு, அதற்குக் கீழே பைப். அந்தத் தகட்டைக் காட்டி 'இதுதான் மூக்கு' என்றால் பெடியன் சிரிப்பான்.

சல்லடைக்குக் கண் என்கிறோம், வலைக்குக் கண் என்கிறோம். இதைக் கண்தகடு என்று வைப்போம். 6 மில்லிமீற்றர் தகட்டில் 10 மில்லிமீற்றர்க் கண் ஏழு போட்டால் மொத்தப் பரப்பு 550 சதுர மில்லிமீற்றர் வரும், அதாவது ஒரு அங்குல மூக்குத்துளையை விடக் கொஞ்சம் கூட. அதற்கு மேல் கண் தேவையில்லை. கண்ணின் கீழ்ப்பக்கத்தைப் பெரிய துளைக்கருவியால் அகட்டிவிட வேண்டும். மேலே நுழைந்த கரித்துண்டு நடுவில் சிக்காமல் கீழே விழும். கண்தகட்டை வெல்ட் பண்ண வேண்டாம், சும்மா உட்கார வைத்தால் வளைந்ததும் மாற்றலாம்.

டிரம்மோடு பைப்பை வெல்ட் பண்ணுவதும் வேண்டாம். டிரம் வார்ப்பிரும்பு. சாதாரண வெல்டிங் குச்சியால் ஒட்டினால் ஆறும்போது தையலுக்குப் பக்கத்தில் விரிசல் விடும். பைப்புக்கு ஒரு சதுரத் தகட்டை ஒட்டி, அந்தத் தகட்டை நாலு போல்ட்டால் டிரம்மின் அடியில் பூட்டுவதுதான் வழி. ரீயின் கீழ் வாய்க்குச் சாம்பல்வாய் என்று ஏற்கெனவே ஆட்கள் சொல்கிறார்கள்; அதற்குப் பாரம் தொங்கும் மூடி போட்டால், பின்மூச்சு பற்றினாலும் மூடி திறந்து வழி விடும். லொறி டிரம் கரிக்கு மிகப் பெரிது. மண் அப்பி உள்ளே 8 அங்குலக் கிண்ணமாக ஒடுக்காவிட்டால் ஒரு கத்திக்கு அரை மூட்டை கரி போகும்.

இன்னொரு விஷயம், சொல் பற்றியது அல்ல. 'பட்டடை' என்ற தலைப்பின் கீழ் தண்டவாளத் துண்டுப் படம் இருக்கிறது. மாற்றுங்கள். 1990இல் ரயில் நின்ற பிறகு வடபகுதித் தண்டவாளமும் சிலிப்பர் கட்டைகளும் போர்க்காலத்தில் பங்கருக்கு (பதுங்குகுழிக்கு)ப் போன கதை எல்லாருக்கும் தெரியும். ஆனால் இன்றைக்கும் அது ரயில்வேயின் சொத்து. பற்றுச்சீட்டு இல்லாமல் வாங்குகிறவருக்குத்தான் வில்லங்கம். படுக்கப் போட்ட தண்டவாளத்துக்கு இடுப்பும் மெலிவு, அடி துள்ளும். பெக்கோ (மண் வெட்டும் இயந்திரம்) வாளியைப் பூட்டும் உருண்டை இரும்புப் 'பின்', 2½ அங்குலத்துக்குக் குறையாத விட்டத்தில், நிமிர்த்தி வைத்தது போதும். அடிக்குக் கீழே நேராக இரும்பு நிற்க வேண்டும் என்பதுதான் கணக்கு. வேம்புக் குற்றியை 2 அடி புதைத்து, பின்னை அதில் இறக்கி, மேல்முகம் நிற்கிறவரின் கைமுட்டி உயரத்துக்கு வந்தால் சரி. பனங்குற்றி வேண்டாம், உள்ளே சோறு.

முள்ளியவளையிலிருந்து:

கண்தகடு நல்ல சொல், எடுத்துக்கொள்வோம். அடிமூக்கு என்பது பைப்பின் மேல் வாய், அதன் மேல் இருப்பது கண்தகடு. இரண்டும் மோதவில்லை.

கொட்டில் பற்றிய பக்கத்தில் உலைக்கு மேலே கிடுகு வரைந்திருக்கிறது. கரி பொறி பறக்கிற சாதி. உலைக்கு மேல் தகரம் போட்டு, சோளகம் அடிக்கிற பக்கத்தை மட்டும் மறைத்து, மற்றப் பக்கங்களைத் திறந்து விடச் சொல்லுங்கள். நாலு பக்கமும் அடைத்தால் கரிப் புகையின் விஷம் மணமில்லாமல் தேங்கும்.

இரணைமடுவிலிருந்து:

காற்றைக் கூட்டிக் குறைக்கிற இரண்டு அமைப்பையும் படத்தில் 'வால்வ்' என்றே போட்டிருக்கிறது. இரண்டும் ஒன்றல்ல. குழாய்க்குக் குறுக்கே இறங்கும் தகடு காற்றை மறிக்கிறது. மற்றது குழாயின் பக்கத்தில் இருக்கும் திறப்பு, மிச்சக் காற்றை வெளியே விடுகிறது. குளத்துக்குக் கீழே கமம் செய்கிற ஆட்களுக்கு இதைப் படிப்பிக்கத் தேவையில்லை: முதலாவது துருசு (குளத்து மதகு), இரண்டாவது வான் (குளத்தின் மிச்சத் தண்ணீர் வெளியேறும் வாய்).

எதற்கு எது என்பதும் முக்கியம். கையால் சுற்றுகிற புளோவருக்குத் துருசு போதும், மறித்தால் பாரம் குறையும், அவ்வளவுதான். தூசி உறிஞ்சியிலும் ஹெயார் ட்ரையரிலும் ஓடுகிற காற்றுத்தான் மோட்டரையும் குளிராக்குகிறது. அவற்றில் துருசை இறக்கினால் பத்து நிமிடத்தில் கருகல் மணம் வரும். அங்கே வான் வைத்து, உலைக்குத் தேவையானது போக மிச்சத்தை வெளியே விட வேண்டும்.

கிளிநொச்சியிலிருந்து:

துருசு என்றால் தமிழ்நாட்டில் மயில்துத்தம். தோய்ச்சல் பகுதிக்குப் பக்கத்தில் அந்தச் சொல் வந்தால், எண்ணெயில் எதையோ கரைக்கச் சொல்கிறோம் என்று நினைப்பார்கள். 'காற்றுத்துருசு' என்று சேர்த்தே எழுதுகிறேன், அடியில் 'மறிக்கும் தகடு' என்று ஒரு வரி விளக்கம். மற்றது 'வான்கதவு'.

பதிவாகிறவை: உலைமூக்கு, பக்கமூக்கு, அடிமூக்கு, மூக்குத்துளை, மூக்கடைப்பு, பின்மூச்சு, கண்தகடு, சாம்பல்வாய், காற்றுத்துருசு, வான்கதவு. பைப் துண்டு வாங்கும் வரி முள்ளியவளை அண்ணை எழுதியபடியே, கட்டம் போட்டு வரும். தண்டவாளப் படம் போகிறது.

'வான் புளோவர்' என்று ஏழெட்டு இடத்தில் வருகிறது. வான்கதவோடு குழம்பும் என்பதால் எல்லாவற்றையும் 'வாகனப் புளோவர்' என்று மாற்றிவிட்டேன். எங்காவது தப்பியிருந்தால் பக்க எண்ணோடு சொல்லுங்கள்.